குறுக்கிடக் கூடாது

இன்னும் இரண்டு பேர் பேசி முடித்ததும் அவள் முறை. லேப்டாப் திரையில் தன் முகம் தெரிந்த கட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பாண்டிச்செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம். மெஸ்ஸில் சாம்பார் அண்டாவைக் கழுவி ஊற்றிய தண்ணீர் ஜன்னலுக்குக் கீழே சாக்கடையில் தேங்கி, வெயில் ஏற ஏற அதன் புளித்த நாற்றம் விடுதியின் மாடிவரை வந்துகொண்டிருந்தது. அறைத்தோழி ஷமீமா கொண்டுவந்து வைத்த டீ மேஜையில் ஆறிக் கிடந்தது. எடுத்து ஒரு வாய் வைத்தாள். மேலே படிந்திருந்த ஆடை உதட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. விரலால் வழித்து, எங்கே துடைப்பது என்று தெரியாமல் மேஜைக்கு அடியில் தேய்த்தாள். யாராவது பார்த்திருப்பார்களா? திரையில் ஐம்பது முகங்களுக்குக் குறையாது. பார்த்திருந்தாலும் சிரிப்பார்கள். இன்று எல்லோரும் எல்லாவற்றுக்கும் சிரிக்கிற நாள். பேச்சுச் சிகிச்சைப் படிப்பில் மூன்றாம் வருடம் வந்துவிட்டால் தொழில்முறைக் கற்றல் வலையமைப்பு ஒன்றில் சேர்ந்தாக வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இருந்தது. அவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை, நெட்வொர்க் என்பார்கள். படிக்கிற பிள்ளைகளும் வேலையில் இருக்கும் சிகிச்சையாளர்களும் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் மாதம் ஒருமுறை இணையத்தில் கூடிப் பேசுவார்கள். நடத்துகிறவர் டாக்டர் வசுந்தரா. பாண்டிச்செல்வி பயிற்சிக்குப் போகும் கிளினிக்கும் அவருடையதுதான். இந்த மாதத் தலைப்பு, எல்லோருக்கும் இடம். போஸ்டரின் நடுவில் பாண்டிச்செல்வியின் முகம் இருந்தது. முதல் வருடத்தில் யாரோ எடுத்த குரூப் போட்டோவிலிருந்து மற்றவர்களை வெட்டிவிட்டு அவளை மட்டும் எடுத்திருந்தார்கள். தோளில் யாருடையதோ நாலு விரல்கள் மிச்சம் இருந்தன. கீழே, தடைகளைத் தாண்டிய குரல். போஸ்டரை எல்லாக் குழுவிலும் போட்டுவிட்ட பிறகுதான், கூட்டத்துக்கு ஏற்பாடுகள் செய்யும் நிகில் அண்ணா அவளுக்குத் தனியாக அனுப்பி, ஓகேதானே என்று கேட்டு இரண்டு கும்பிடு போட்டிருந்தார். அவள் சரி என்று அனுப்பினாள்.

சரி. அந்த ஒரு சொல்தான் அவளுக்கு எப்போதும் வழுக்கிக்கொண்டு வரும். இல்லை என்றால் தொண்டை பூட்டிக்கொள்ளும். முடியாது என்றால் உதடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கப் பிரிக்க இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் முகம் மாறும். சரி என்பதில் அது எதுவும் இல்லை, பல்லுக்கு நடுவில் காற்றை விட்டால் போதும். எத்தனை விஷயத்துக்கு அந்தக் காற்றை விட்டிருக்கிறாள். பேக்கரியில் பில் போடுகிறவன் பெயர் கேட்டால் ராணி என்பாள். ரா உருண்டுகொண்டு வந்துவிடும். ராணி, உங்க பப்ஸ் ரெடி என்று அவன் கத்தும்போது எழுந்து போய் யாரோ ஒருத்தியின் பப்ஸை வாங்கித் தின்பாள். சொந்தப் பெயர் பாண்டி கோயிலில் முடியிறக்கி வைத்தது. அந்தப் பெயரின் முதல் எழுத்திலேயே உதடு இரண்டும் சேர வேண்டும். சேர்ந்தால் பிரியாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏலம் கூறுகிறவர் அவள் அப்பா. விடிகாலையில் தக்காளிப் பெட்டிகளுக்கு மேல் ஏறி நின்று அவர் விடுகிற குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும், மூச்சே விடாமல் விலையும் பெயரும் ஊரும் வாயிலிருந்து கொட்டும். அவருக்குப் பிறந்தவள். சின்ன வயதில் அவள் திணறும்போதெல்லாம் அவர்தான் முடித்துக் கொடுப்பார். என்ன சாமி வேணும், ப், பணியாரமா? அவளுக்கு வேண்டியிருந்தது பரோட்டா. தலையை ஆட்டிவிடுவாள். பணியாரம் வந்துவிடும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தின்பதைப் பார்ப்பார், அன்பாகத்தான் பார்ப்பார், அதுதான் கொடுமை. மற்றவர்கள் ஊகித்ததைத் தின்றே வளர்ந்த உடம்பு இது என்று நினைத்தபோது டீயின் கசப்பு மறுபடி நாக்கில் ஏறியது. இல்லை, இது டீ இல்லை, வசம்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவுவாள். கரி நாற்றமும் காரமும் கசப்பும் சேர்ந்து குமட்டிக்கொண்டு வரும், துப்பக் கூடாது. துப்பினா பேச்சு வராதுடி, முழுங்கு. முழுங்கினாள். அத்தனை வருடம் முழுங்கினாள். பேச்சும் வரவில்லை.

திரையில் இப்போது எழிலரசன் பேசிக்கொண்டிருந்தான். சேலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் பிசியோதெரபி படிக்கிறவன், சக்கர நாற்காலியில் இருப்பவன். கூட்டம் தொடங்கி அவன் வாயைத் திறந்ததுமே நிகில் அண்ணா இடையில் வந்து, ப்ரோ, கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்குங்களேன், வீல் தெரியட்டும் என்றார். எதற்கு என்று எழிலரசன் கேட்கவில்லை. ஒரு நொடி அவன் கை திரையை மறைத்தது, படம் ஆடியது, பிறகு முகம் மேலே போய் நெற்றி வெட்டுப்பட்டுக் கீழே சக்கரத்தின் மேல்வளைவு வந்தது. சூப்பர் ப்ரோ, பர்ஃபெக்ட். அவன் பேசியது முழங்கால் மூட்டு தேய்ந்தவர்களுக்கு வீட்டிலேயே கொடுக்கக்கூடிய பயிற்சிகளைப் பற்றி. நன்றாகத்தான் பேசினான். எளிமையாக, புரியும்படி. ஆனால் திரையின் ஓரத்தில் ஓடுகிற உரையாடல் பெட்டியில் முழங்காலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. செம இன்ஸ்பைரிங். கண்ணில் தண்ணி வந்துடுச்சு. ஹேட்ஸ் ஆஃப். திரையின் அடியிலிருந்து சிவப்பு இதயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன. மழைக்கு முந்தின சாயங்காலம் ட்யூப்லைட்டைச் சுற்றும் ஈசல் ஞாபகம் வந்தது அவளுக்கு. தட்டில் விழும், தண்ணீரில் விழும், சட்டைக் கழுத்துக்குள் விழுந்து நெளியும், தட்டிவிட்டால் இறக்கை மட்டும் தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தன்னை அறியாமல் கழுத்தைச் சொறிந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இதே ஈசல் தன்மேல். அவன் ஏன் கேமராவை இறக்கினான், முடியாது என்று சொல்லியிருக்கலாமே, அவனுக்கு வாய் நன்றாகத்தானே வருகிறது. வாய் வருகிறவனே இறக்கினான் என்றால். இல்லை, அவனைச் சொல்லி என்ன. அவனுக்கும் மதிப்பெண் இருக்கும், அவன் கல்லூரிக்கும் ஒரு வசுந்தரா இருப்பார். யோசனை அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. அவளுடைய யோசனைக்குத் திக்கல் கிடையாது என்று எல்லோரிடமும் சொல்வாள். பொய். அதுவும் ஓர் இடத்தில் போய் நின்றுகொள்கிறது, அதே எழுத்தைத் திரும்பத் திரும்ப முட்டுகிறது.

அந்த இடம் நேற்றைய ஒத்திகை. நேற்றுச் சாயங்காலம் வசுந்தரா மேடமும் நிகில் அண்ணாவும் அவளும் மட்டும் இணையத்தில் கூடி, அவள் எழுதி வைத்திருந்ததை ஒருமுறை பேசிப் பார்த்தார்கள். அவள் ஒரு வாரம் உட்கார்ந்து சொற்களைப் பொறுக்கியிருந்தாள். பள்ளிக்கூடம் என்று வருகிற இடத்தில் ஸ்கூல், கேலி என்று வருகிற இடத்தில் சிரிப்பு, பயம் வருகிற இடத்தில் அச்சம், அதுவும் மூச்சு விட்ட பிறகு. ஆற்றில் கல்விட்டுக் கல் தாவுகிற மாதிரி எந்த எழுத்தில் கால் வைக்கலாம், எதில் வழுக்கும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். ஒரே ஒரு இடத்தில் லேசாகத் தட்டியது, மற்றபடி ஓடிவிட்டது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. மேடம் உதட்டைக் குவித்துக்கொண்டார். "நல்லா இருக்கு கண்ணா. ஆனா ரொம்ப ஸ்மூத்தா போகுதே. கேக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்ன தெரியும் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "அதாவது, நீ மறைக்கிறம்மா. வார்த்தைய மாத்திப் போட்டுத் தப்பிக்கிற. நாமளே பேஷண்ட்டுக்கு என்ன சொல்லித் தர்றோம்? மறைக்காத, திக்கட்டும், திக்கினா ஒண்ணும் ஆகாதுன்னுதான? நீயே மறைச்சா எப்படி?" நிகில் அண்ணா சேர்ந்துகொண்டார், "ஆமா பாண்டி, இயல்பா விட்டுடு. அப்பத்தான் உண்மையா இருக்கும்." அவள் சரி மேடம் என்றாள். கூட்டம் முடிந்து திரை இருண்டதும் பாத்ரூமுக்குப் போய் வாய் கொப்பளித்தாள், எதற்கு என்று தெரியாமல் திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை, அதுதான் அவளைப் புரட்டியது. பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவளே அதைத் தேர்வில் எழுதியிருக்கிறாள். மறைப்பதுதான் நோயின் பாதி. முதல் வருடம் அதைப் படித்தபோது யாரோ கட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி அழுதிருக்கிறாள். அந்தச் சொற்களையே எடுத்து, துடைத்து, தட்டில் வைத்து, கொஞ்சம் திக்கிக் காட்டேன் என்று கேட்கிறார்கள். கரடியை ஆடச் சொல்வது போல என்று நினைத்தாள். பிறகு, கரடியை ஆட்டுகிறவனுக்காவது தான் அடிப்பது அடி என்று தெரியும், இவர்கள் அன்பாக அல்லவா கேட்கிறார்கள் என்று நினைத்தாள். கண்ணா. அந்தக் கண்ணா என்ற சொல் வெல்லப்பாகு மாதிரி காதில் வழிந்து அங்கேயே உறைந்துவிட்டது.

காது. நினைக்க வேண்டாம் என்று வைத்திருந்ததற்கு எப்படியோ சுற்றி வந்துவிட்டாள். கிளினிக்கில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கொடுத்த முதல் ஆள் சிவசைலம் என்பவர். பெரிய வங்கி ஒன்றில் மேலாளர், வழுக்கை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, திக்குவாய். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது, பதவி உயர்வு வந்தபின் கூட்டங்களில் பேச வேண்டியிருப்பதால் இப்போதுதான் வந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து அவள் குறிப்பேட்டைத் திறந்து, உங்க பேர் என்று கேட்கப் போனாள். பே-யில் உதடு ஒட்டிவிட்டது. பொதுவாக இவ்வளவு நேரம் நிற்காது, அன்று நின்றது. அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும், பஸ் கண்டக்டரிடம், ரேஷன் கடையில், பெண் பார்க்க வந்து காபி மட்டும் குடித்துவிட்டுப் போன அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் பார்த்த முகம்தான். ஆனால் தன்னைப் போல் இன்னொரு வாயிடமிருந்து அது வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் அருவருத்தார். தன் கண்ணாடியைப் பார்த்துத் தானே அருவருக்கிற மாதிரி. பிறகு அவரே, சி, சிவ, சிவசைலம் என்று முடித்துவிட்டுக் கைக்குட்டையால் வாயோரம் துடைத்துக்கொண்டார், அவளுக்கும் சேர்த்துத் துடைத்துக்கொண்டதைப் போல இருந்தது. அன்று அவர் போகும்போது மேடம் அறைக்குள் போய்விட்டுப் போனார். மறுநாள் மேடம் கூப்பிட்டு உட்கார வைத்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. அவருக்கு நம்பிக்கை வரணும் இல்லையா? உன்னப் பாத்தா, இங்க படிக்கிற பொண்ணுக்கே சரியாகல, நமக்கு எங்க சரியாகப்போகுதுன்னு நெனச்சிடுவார். கொஞ்ச நாளைக்குப் பின்னாடி ரூம்ல இரு. அங்கயும் கத்துக்க நிறைய இருக்கு." சரி மேடம். பின்னாடி ரூம் என்பது காது கேட்கும் கருவிக்கு அச்சு எடுக்கிற இடம். பழைய கருவிகள் சுத்தம் பண்ண வரும். வயசானவர்களின் காதில் மாசக்கணக்கில் கிடந்த அச்சுகள், துளையில் காது மெழுகு அடைத்துக்கொண்டு, மஞ்சளும் பழுப்புமாக, விரலில் பிசுபிசுத்து, ஒரு கெட்டுப்போன நெய் வாடையோடு. ஊசியால் குத்தி எடுத்து, வெந்நீரில் போட்டு, சின்ன பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கையுறை போட்டாலும் நகத்துக்குள் அந்த வாடை இருப்பதாகவே தோன்றும், சாப்பிடும்போது கையை மோந்து பார்ப்பாள். இரண்டு மாதமாகிறது. அந்த அறைக்குள் யாரும் வருவதில்லை, யாரிடமும் பேச வேண்டியதில்லை. முதல் வாரம் அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது மெழுகைவிடக் குமட்டுகிறது.

"டீயக் கூடக் குடிக்கல," என்றாள் ஷமீமா. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் தலையை மட்டும் தூக்கினாள். பாண்டிச்செல்வி மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"ஆ, ஆடை."

"பயமா இருக்கா?"

"ப், பயமில்ல."

"அப்ப எதுக்குடி மூஞ்சி இப்படி இருக்கு? வேணாம்னா சொல்லிடு. காய்ச்சல்னு டைப் பண்ணிப் போட்டுட்டு வெளிய வந்துடு. நான் பண்ணட்டா?"

டைப் பண்ணு. அதையும் வாழ்நாள் முழுக்கக் கேட்டாயிற்று. வகுப்பில் கைதூக்கினால், எழுதிக் காட்டேன் பாண்டி. போனில் பேசினால், வாட்ஸ்அப்ல போட்டுடேன். எல்லோரும் எத்தனை தன்மையாகச் சொல்கிறார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நீ அந்த ஜன்னல் வழியாக வந்துவிடேன் என்கிற மாதிரி. வெளியே போகலாம், ஒரு பட்டனைத் தொட்டால் போதும். போனால் மேடம் முகம் சுருங்கும், மதிப்பெண் போகும், கடைசி வருடத்துக்கு வேண்டிய சிபாரிசு போகும். ஆனால் அதற்காக அவள் உட்கார்ந்திருக்கவில்லை. எதற்காக என்று அவளுக்கே பிடிபடவில்லை. இந்தப் படிப்பை அவள் விரும்பித்தான் எடுத்தாள். வாய் திறக்க முடியாத ஒருவர் எதிரில் அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள், இன்னும் நினைக்கிறாள். இவர்கள் அதைக் கொடுக்க மாட்டார்கள். போஸ்டரில் நடுவில் வைப்பார்கள், கிளினிக்கில் பின்னாடி வைப்பார்கள். எல்லோருக்கும் இடம். எந்த இடம் என்று போஸ்டரில் போடவில்லை. "வேணாம்," என்றாள் ஷமீமாவிடம். வேணாம் எப்படியோ தடங்கலில்லாமல் வந்துவிட்டது. ஷமீமா தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்தவள் பேசி முடித்ததைப் பாண்டிச்செல்வி கவனிக்கவே இல்லை. தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுந்தபோதுதான் நிமிர்ந்தாள். "இப்ப நம்ம எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்ச ஒருத்தர்," வசுந்தரா மேடத்தின் குரல். "நம்ம கிளினிக் குடும்பத்துப் பொண்ணு. கேளுங்க, பொறுமையாக் கேளுங்க, அவளுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு நேரம். நாம குறுக்கிடவே கூடாது. வா கண்ணா." திரையின் நடுவில் அவள் முகம் பெரிதாகி, மற்றவர்கள் சுற்றிலும் சின்னக் கட்டங்களானார்கள். மைக்கைத் திறந்தாள். மின்விசிறி சத்தம் தனக்கே திரும்பிக் கேட்டது. "வணக்கம். என் பேர் ப்." ஒட்டிக்கொண்டது. இந்த முறை அவள் தாவ முயலவில்லை, ராணி என்று சொல்லவில்லை, செல்வி என்று குறுக்கவில்லை. உதடுகள் ஒன்றையொன்று அழுத்தின, பின்னால் காற்று முட்டியது, தாடை நடுங்கியது. வழக்கமாக மூடிக்கொள்ளும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். அப்போதுதான் முதல்முறையாக அவர்களைப் பார்த்தாள். ஐம்பது முகமும் ஒரே மாதிரி ஆகியிருந்தன. தலை லேசாகச் சாய்ந்து, புருவம் தளர்ந்து, உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவளும் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறாள். திக்குகிறவரின் கண்ணைப் பார், பார்வையை விலக்காதே, சொல்லை முடித்துக் கொடுக்காதே, அவசரப்படுத்தாதே. அப்பா செய்ததை இவர்கள் செய்ய மாட்டார்கள். செய்ய முடியாது. செய்தால் பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறவர் பார்ப்பார். காற்று இன்னும் முட்டிக்கொண்டிருந்தது, உமிழ்நீர் கீழுதட்டில் சேர்ந்தது, துடைக்கவில்லை. அந்த நெருக்கலுக்குள் உட்கார்ந்துகொண்டு அவள் மெதுவாகப் புரிந்துகொண்டாள், தான் முடிக்கும்வரை இந்த அறையில் வேறு யாரும் பேச முடியாது. இதுவரை எந்த அறையிலும் அப்படி இருந்ததில்லை. "பாண்டிச்செல்வி," என்றாள். இதயங்கள் புறப்பட்டன.

எழுதி வைத்திருந்த தாளை லேப்டாப்பில் சாய்த்து வைத்திருந்தாள். அவள் அதைப் பார்க்கவில்லை. "நான் ரெ, ரெண்டு மாசமா காது அச்சு க், க், கழுவுறேன்." எந்தச் சொல் முதலில் வந்ததோ அதையே சொன்னாள், எளிதானதாக மாற்றிக்கொள்ளவில்லை. பல் இளிக்கட்டும், கழுத்து இழுக்கட்டும். "மெழுகு எடுப்பேன். ப், பேஷண்ட் கிட்டப் பேச என்ன விடல." செம தைரியம் என்று ஒருவர் எழுதினார். கண்ணில் தண்ணி என்று இன்னொருவர். "மொத நாள் ஒருத்தர் வந்தாரு. அவருக்கும் தி, தி, திக்கும். என்னப் பாத்தா அவருக்கு நம்பிக்கை போயிடும்னு சொல்லி, என்ன ப், பின்னாடி ரூமுக்கு அனுப்பிட்டாங்க." அழகு, அழகு, என்று யாரோ எழுதினார்கள். கைதட்டல் படங்கள். வசுந்தரா மேடம் தலையசைத்துக்கொண்டே இருந்தார், கண் மட்டும் கீழே எதையோ படித்துக்கொண்டிருந்தது, அடுத்து யார் என்று பார்க்கிறாராயிருக்கும். அவள் ஒரு கணம் நிறுத்தினாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஒருவருக்கும் கேட்கவில்லை. அவள் எப்படிச் சொல்கிறாள் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவள் சாம்பார் செய்முறை சொன்னாலும் கண்ணில் தண்ணி வரும். அந்தச் சிரிப்புகள் எல்லாம் ஈரத்துணி மாதிரி முகத்தில் வந்து அப்பிக்கொண்டன. குமட்டல் மார்புவரை ஏறியது. வாந்தி எடுத்தாலும் இதயம் விடுவார்கள். வாந்தியை விழுங்குகிற மாதிரி எச்சிலை விழுங்கிவிட்டு, இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி இருக்கிறது என்று நினைத்தாள். "அப்படிச் சொ, சொன்னது யாருன்னா," என்றாள்.

மேடம் நிமிர்ந்தார்.

"சொன்னது வ்."

மேல்பல் கீழுதட்டில் பதிந்து அங்கேயே நின்றது. வ். காற்று பல்லிடுக்கில் சீறியது, குரல் சேரவில்லை. ஐம்பது முகமும் சாய்ந்தபடியே காத்திருந்தன. அந்தச் சொல் என்ன என்று இப்போது அந்தக் கூட்டத்தில் அவளையும் சேர்த்து இரண்டு பேருக்குத் தெரியும். மேடத்தின் சிரிப்பு கலையவில்லை, ஆனால் அது முகத்தில் ஒட்டவைத்த மாதிரி ஆகிவிட்டது. கண் விரிந்தது. கன்னத்தில் ஒரு தசை துடித்தது. சொல்லை முடிக்கவும் முடியாமல், விடவும் முடியாமல், வாயைப் பாதி திறந்தபடி அவர் இருந்ததைப் பாண்டிச்செல்வி பார்த்தாள். இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் மேடம் என்று நினைத்தாள். அதில் பரிதாபம் இல்லை, சந்தோஷமும் இல்லை. உதட்டுக்குப் பின்னால் அந்தப் பெயர் முழுசாக, கனமாக இருந்தது. அவசரமில்லை. அவளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். "வ், வ், வசு..."

ஓசை மாறியது. தன் குரல் திரும்பி வருவது சட்டென்று நின்றுபோய் அறைக்குள் மட்டும் கேட்டது. தொடங்கிய சொல்லை நடுவில் விட அவள் உடம்புக்குத் தெரியாது, "வசுந்தரா மேடம்" என்று முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள். திரையின் அடியில் மைக்கின் மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. ஷமீமா எழுந்து உட்கார்ந்திருந்தாள். "ஏய், உன்ன ம்யூட் பண்ணிட்டாங்கடி," என்றாள். பாண்டிச்செல்வி பட்டனைத் தொட்டாள். கூட்டத்தை நடத்துபவர் அனுமதித்தால்தான் பேச முடியும் என்று வந்தது. மறுபடி தொட்டாள். அதே வந்தது. திரையில் மேடத்தின் முகம் பெரிதாகி, தளர்ந்து, பழைய சிரிப்புக்குத் திரும்பியிருந்தது. "அடடா, பாண்டிச்செல்விக்கு நெட்வொர்க் சரியில்ல போலிருக்கு. எவ்வளவு உருக்கமாப் பேசிட்டிருந்தா பாருங்க. பெரிய கைதட்டல் குடுப்போம்." கைதட்டினார்கள். ஈசல் கிளம்பியது. நிகில் அண்ணா, சத்தமே வரல பாண்டி, சிக்னல் வீக், மீதிய டைப் பண்ணிடேன் என்று தனியாக அனுப்பினார், கூடவே ஒரு கும்பிடு.

"அடப்பாவிகளா," என்றாள் ஷமீமா. "பேசாம வெளிய வந்துடு பாண்டி. ச்சீ."

பாண்டிச்செல்வி வெளியே வரவில்லை. டைப் பண்ணவும் இல்லை. புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, கீழே வரிசையாக இருந்த படங்களில் கை உயர்த்துகிற படத்தைத் தேடித் தொட்டாள். அவள் கட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் கை எழுந்தது. கை உயர்த்தியவர்களின் கட்டம் எல்லோர் திரையிலும் முதலாவதாக நகர்ந்து போகும், அவள் முகம் இடப்பக்க மூலைக்குப் போய் உட்கார்ந்தது. மேடம் அடுத்தவரை அழைத்தார். அந்த மூலையை மட்டும் தவிர்த்துவிட்டு மற்ற எல்லா முகத்தையும் பார்த்துப் பேசினார். அடுத்தவர் பேசி முடித்தார், இன்னொருவர் தொடங்கினார். மஞ்சள் கை அப்படியே நின்றது. இரண்டு பேர் அதைக் கவனித்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள், ஒருவர் திருப்பவில்லை. திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போனால் பின்னாடி ரூம்கூட இருக்காது. வாயில் அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. தன் முறை வராமல் போய்விடாதா என்று எத்தனை வகுப்பில், எத்தனை வரிசையில் நின்று வேண்டியிருக்கிறாள். அவள் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சிரிக்காமல், கேமராவைப் பார்த்தபடி, தன் முறை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.